வோக்கர் என்ற பெயர்

விட்பியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த ரயிலில் எனக்கு எதிரே இரண்டு சகோதரிகள் இருந்தார்கள். இளையவரின் கணவர் ஓர் ஆங்கிலேயர் என்பதும், போன மாதம் இறந்துவிட்டார் என்பதும் அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

“அவற்ர குடும்பப் பேர், வோக்கர் எண்டால் நடக்கிறவன் எண்டு அர்த்தம் இல்லை அக்கா,” என்றார் இளையவர் திடீரென்று.

“பின்னை?”

“அந்தக் காலத்தில இங்கிலாந்தில கம்பளித் துணியைத் தண்ணியில போட்டுக் காலால மிதிக்கிற ஆக்களாம். துணி இறுகவேணும் எண்டு. கலியாணம் கட்டின புதுசில சொன்னவர். கடைசியில அவருக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நான் பிடிச்சுவிடேக்கை, ‘எங்கட ஆக்கள் மிதிச்ச மிதிக்கு எனக்கு நோகுது’ எண்டு சிரிப்பார்.”

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார்.

“அவர் போயிட்டார். இனி உனக்கேன் அந்தப் பேர்? பழையபடி அப்பான்ர பேருக்கு மாத்திவிடன்.”

“அவருக்குக் கூடப்பிறந்த ஆக்கள் இல்லை. எங்களுக்கும் பிள்ளையள் இல்லை.”

“ரொறன்ரோவில எத்தினை வோக்கர் இருக்கினம்!”

“இருக்கினம். அவற்ர குடும்பத்தில நான் மட்டும்தான்.”

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப வைச்சுக்கொள்,” என்றார்.