குளவி குடியிருந்த கேஸ் அடுப்பு பற்றி பொன்னுமணி சொன்னது

பெயர் பொன்னுமணி. வயது சுமார் முப்பத்து மூன்று. கணவர் பெயர் ஒச்சப்பன். இருப்பு சந்தைப்பேட்டைத் தெரு, போடிநாயக்கனூர், மதுரை மாவட்டம். 1984ஆம் வருடம் ஆடி மாதக் கடைசியில், காவல் நிலையத்தில் ஏட்டு ராக்கையா முன்பாக, விசாரித்தபோது சொன்னதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. குழந்தை பிறக்கவில்லை. என் கணவர் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பம்பு ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு, சமீப காலமாகக் கேஸ் அடுப்பு ஆகியவற்றை ரிப்பேர் செய்கிறார். நான் கூடமாட ஒத்தாசை செய்வேன். எங்கள் பட்டறையில் இதுவரை யாருடைய சாமானும் காணாமல் போனதில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்டதன் பேரில் அப்படியே எழுதப்பட்டது.

புகார் கொடுத்த ராசிங்காபுரம் கோட்டைச்சாமி அண்ணனை எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டம் உண்டு. ஏலக்காய் விற்கக் கொச்சிக்குப் போன இடத்தில், துறைமுகத்தில் உடைத்து விற்கப்பட்ட, வெள்ளைக்காரர் ஒருவருடைய பாய்மரப் படகிலிருந்து அவர் ஒரு கேஸ் அடுப்பை வாங்கி வந்தார். அதில் மேலே இரண்டு பர்னரும் கீழே ரொட்டி சுடும் பெட்டியும் உள்ளன. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு சாயாமல் இருக்க, அதை இரண்டு பக்கமும் அச்சில் தொங்கி ஆடும்படி செய்திருக்கிறார்கள். பாத்திரம் நழுவாதபடி மேலே சுற்றிலும் பித்தளைக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதை ஜீப்பின் பின்பக்கம் மாட்டி, காய் எடுக்கும் சீசனில் மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் நிறுத்திச் சுடச்சுடப் பன்னும் டீயும் விற்பது அண்ணனின் திட்டம். கடலுக்குச் செய்த அடுப்பு போடிமெட்டு ரோட்டுக்கும் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றியதற்காக அவரை நான் இப்போதும் மெச்சுகிறேன்.

ஆனி மாதத் தொடக்கத்தில் அவர் அடுப்பைக் கொண்டுவந்து இறக்கி, மேலே எரிகிறது, பெட்டிக்குள் மட்டும் மஞ்சளாக ஒரு முழி முழித்துவிட்டு அணைந்துவிடுகிறது, வெரசாக முடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். அதன் பிறகு என் கணவர் மரச் சட்டம் அடித்து அடுப்பைத் தொங்கவிட்டு, சிலிண்டரை மாட்டி, ரெகுலேட்டரை மாற்றிப் பார்த்தார். அப்போதும் எரியவில்லை. அதன் பிறகு கேஸ் வரும் நாசிலைக் கழற்றி ஊதிப் பார்த்தார், அதில் அடைப்பு இல்லை.

இதற்கிடையில் எனக்குக் கேஸ் வாடை குப்பென்று அடித்தது. சொன்னேன். அவர் சோப்புத் தண்ணீரை இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவிப் பார்த்தார், ஒரு நுரை முட்டைகூட வரவில்லை. எனக்கு வாடை அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு ரப்பர் டியூபைப் புதிதாகப் போட்டார், வாசரை மாற்றினார், சிலிண்டரையே மாற்றினார். அப்போதும் அடித்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னதில், மல்லிப்பொடி வாடை தவிர வேறு எதுவும் இல்லை என்று அவள் சொன்னாள். நான் இருவருடைய மூக்கையும் பழித்துப் பேசியது உண்மை. என் கணவர் மட்டும் என் பேச்சைத் தட்டாமல் அந்தச் சோப்புக் கிண்ணத்தோடு அடுப்புக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை.

அதன் பிறகு அவர் பெட்டிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்ததில், கேஸும் காற்றும் கலந்து போகும் குழாயின் வாயில் மண் பூசியிருந்தது. குளவிக் கூடு. காற்று புகாததால்தான் மஞ்சள் தீ, அதனால்தான் அணைகிறது என்று சொல்லி அவர் குத்தி எடுக்கக் கம்பியை எடுத்தார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பியக் கீழ போடுங்க" என்றேன்.

"அடுப்பு எரிய வேணாமா?"

"குளவி கூடு கட்டியிருக்கு. அதுவும் ஆடுற தொட்டில்ல வந்து கட்டியிருக்கு. இன்னும் என்னத்தச் சொல்லணும் உங்களுக்கு?"

குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்தது. என் கணவர் கம்பியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. சில வருடங்களாகவே அவர் காதுகுத்துச் சாப்பாட்டுக்கு எங்கேயும் போவதில்லை. சோலி இருக்கிறது என்று சொல்லி என்னை மட்டும் அனுப்புவார். அந்தச் சோலி என்ன என்று நான் கேட்டதில்லை.

அதன் பிறகு விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் வந்து அடுப்பை மெதுவாக ஆட்டிவிட்டு, சுற்றியிருந்த பித்தளைக் கம்பியில் மஞ்சள் துணியால் சின்னச் சின்னத் தொட்டில்கள் கட்டிப் போனார்கள். குரங்கணியிலிருந்துகூட ஆள் வந்தது. ஏட்டையா வீட்டு அம்மாவும் தம் இரண்டாவது மகளுக்காக வந்து ஒன்று கட்டினார். அதை எழுத வேண்டாம் என்று ஏட்டையா சொன்னார். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்று அவர்தான் ஆரம்பத்தில் எனக்குச் சொன்னார் என்பதை நினைவுபடுத்தியதன் பேரில் எழுதப்பட்டது.

கோட்டைச்சாமி அண்ணன் முதல் தடவை வந்தபோது சிரித்துவிட்டுப் போனார். இரண்டாம் தடவை வந்தபோது சிரிக்கவில்லை. காய் எடுப்பு தொடங்கப்போகிறது, ஜீப்புக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று, பன்னுக்கு ஆள் பேசியாயிற்று என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

"ஆத்தா, கொண்டாறப்பவே அடுப்பு எரியல. அப்ப குளவி கட்டுனது எங்க வீட்டுலதான? எனக்கு ஏழு புள்ள இருக்கு, தாயி. குத்தி எடுக்கச் சொல்லு."

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"கட்டுனது எங்கயோ இருக்கட்டும்ணே. பொரிக்கப் போறது எங்க வீட்டுல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்து, அடுப்பைத் தர மறுக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். அதன் பிறகு அடுப்பைக் கைப்பற்ற வந்த காவலர் மொக்கையன், பெட்டியைத் திறந்ததும் குளவி ஒன்று வெளியே வரவே, தொப்பியை விட்டுவிட்டுத் தெருமுனை வரை போய் நின்றார். தொப்பியை இன்று நான் கையோடு கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன்.

நேற்றுக் காலை நான் பார்த்தபோது கூட்டில் உருண்டையாக ஓட்டைகள் விழுந்திருந்தன. உள்ளே எதுவும் இல்லை, எல்லாம் பறந்துவிட்டன. நானே கம்பியை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் குழாயைச் சுத்தம் செய்து பற்றவைத்ததில், பெட்டிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலமாக எரிந்தது. இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது மறுபடியும் எனக்குக் கேஸ் வாடை அடித்து, வாந்தி எடுத்தேன். அவர் பதறிப்போய் வால்வை மூடிவிட்டு மறுபடியும் சோப்புக் கிண்ணத்தை எடுத்தார்.

இன்று காலை அவர் நிலையத்துக்கு வரவேண்டியிருந்ததால் முன்னால் வந்துவிட்டார். நான் கேஸ் தலைக்கேறிவிட்டது என்று பயந்து தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்சு சந்திரவல்லி என்னைப் படுக்கவைத்துப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, டாக்டரம்மாவையும் கூப்பிட்டுக் காட்டி, பிறகு சிரித்தார்.

"அடுப்புல ஒரு கோளாறும் இல்லக்கா. ஒங்களுக்குத்தான் மூணு மாசம் முடியப்போகுது. இந்த மாசத்துல மூக்கு அப்படித்தான் இருக்கும்."

நாள் தள்ளிப்போவது எனக்கு வழக்கம். கணக்கு வைப்பதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. நடந்து வரும் வழியில் எண்ணிப் பார்த்ததில், அடுப்பு எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிள்ளை வந்துவிட்டது. ஆகவே குளவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். எனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு இன்று யார் மேலும் கோபம் இல்லை. கால் தரையில் படவில்லை.

அடுப்பை எப்போது வேண்டுமானாலும் கோட்டைச்சாமி அண்ணன் எடுத்துக்கொள்ளலாம். தொட்டில்களை அவிழ்க்காமல் எடுத்துப் போனால் நல்லது; அது அவர் இஷ்டம்.

என் கணவர் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சொன்னதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நேரில் சொல்ல வாய் எடுத்தால் அழுதுவிடுவேன். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுவது வழக்கம் என்று ஏட்டையா சொன்னார். வாசிக்கும்போது அவரையும் உள்ளே கூப்பிட்டு, என் பக்கத்தில் உட்காரவைத்து, நிறுத்தி நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது அத்தனையும் நடந்தது நடந்தபடி. நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) ஒ. பொன்னுமணி

குறிப்பு: மேற்படி வாக்குமூலம் சாட்சிக்கும், அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய கணவர் ஒச்சப்பனுக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. நர்சு சொன்ன இடம் வந்ததும் ஒச்சப்பன் எழுந்து நின்றுவிட்டார். அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசிக்கப்பட்டது. இன்னும் ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசிக்கப்பட்டது.

(ஒப்பம்) ராக்கையா, ஏட்டு