சீமோனுக்கு ஒரே ஒரு அவுட்

தேநீருக்கு நன்றி. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை.

நான் அருள்நாயகம். ஒஷாவாவில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர். தொண்ணூற்றைந்து கோடையில் வோபர்ன் பொடியன்கள் பேஸ்போல் அணி தொடங்கியபோது ஸ்கோர் புத்தகம் என் கைக்கு வந்தது. பந்து எறிபவரின் சராசரியைக் கணக்கிடுவது பெரிய வித்தை இல்லை. தடுப்பவர்களின் பிழையால் வந்த ஓட்டங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை ஒன்பதால் பெருக்கி, அவர் எறிந்த இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். ஓர் அவுட் என்றால் இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்கு. விடை குறையக் குறைய எறிபவர் கெட்டிக்காரர்.

சீமோன் யாழ்ப்பாணத்தில் நல்ல வேகப்பந்து வீச்சாளன். பழக்கதோஷம், ஒவ்வொரு பந்தையும் நிலத்தில் குத்தி எழுப்பினான். பேஸ்போலில் அது செல்லாத பந்து. அப்படி நான்கு வந்தால் அடிப்பவர் அடிக்காமலே முதலாம் தளத்துக்குச் சும்மா நடந்து போகலாம். ஏழு பேர் நடந்தார்கள். மூன்று தளமும் நிரம்பியபின் நடந்த நாலு பேரால் நான்கு ஓட்டம், ஓர் அவுட்டும் இல்லை. கப்டன் அவனை மாற்றிவிட்டார்.

"எனக்கு உது சரிவராது அண்ணை, இனி வரமாட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

போகட்டும். ஆனால் பூச்சியத்தால் எப்படி வகுப்பது? கிரிக்கெட் என்றால் ஒரு கோடு போட்டுவிடலாம். இங்கே முடிவிலி. அந்தக் குறி என் புத்தகத்தில் படுத்துக் கிடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு அவுட் எடுத்தால் நூற்றெட்டு. எவ்வளவு மங்களமான எண்.

ஆகவே ஒருநாள், பாவிக்காமல் கிடந்த பழைய களஞ்சியத்துக்கு அவனைக் கூட்டிப் போய்ப் பூட்டினேன். எறிபவர் நிற்கவேண்டிய தூரம், அறுபது அடி ஆறு அங்குலம், அளந்து கோடு போட்டேன். மூன்று நேரமும் சாப்பாடு கொடுத்தேன், மீனில் முள் கூட எடுத்துத்தான். அவன் மனைவி பேர்ணடெற் 'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டியபோது பசைவாளி பிடித்தவனும் நான்தான். அவள் அழுததைப் பார்க்க எனக்கும் கவலையாக இருந்தது.

மட்டையோடு நானே நின்றேன். நான்கு நாள் குத்திக்கொண்டே இருந்தான்.

"அண்ணை, ஒரு அவுட் எண்டு சும்மா எழுதுங்கோ. ஆர் பாக்கப் போயினம்? பிள்ளையள் தேடுங்கள்."

"கள்ளக் கணக்கு எழுதச் சொல்லுறியோ?" என்றேன். வேண்டுமென்றே மட்டையை வீசித் தவறவிடவும் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவன் கை வீங்கியிருந்தது. அன்றுதான் பந்து குத்தாமல் வந்தது. முதலாவது நேரே வந்தது. இரண்டாவதும் நேரே. இரண்டையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாவதையும் விட்டால் அவுட், கதவு திறந்துவிடும். அதுவும் வந்தது. நட்டநடுவில், அப்படி ஓர் அழகான பந்து. என் கை சும்மா இருக்கவில்லை. ஓங்கி அடித்தேன். அவனுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் மோதியது. அது முழு ஓட்டம் என்று முதல் நாளே பேசியிருந்தோம்.

சீமோன் முழந்தாளிட்டு அழுதான். நான் புத்தகத்தில் பதிந்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் உடைத்துத் திறக்கும்வரை இன்னும் ஆறு நாள்.

அடைத்து வைத்தது நான்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கடைசி ஓட்டம் அவனுடைய கணக்கில்தான் சேரும். அதில் வேறு ஒருவருடைய பிழையும் இல்லை.