மேல்பட்டை

எங்கள் வீட்டில் நல்ல காற்று வருகிற இடம் கிழக்கு ஜன்னல்தான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்ததும் கட்டிலை நான்தான் அங்கே போட்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். அப்பாவை நான் பாழாக்கிவிட்டேன் என்று என் தங்கை அனுராதா உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாளே, அதற்காகச் சொல்கிறேன்.

வைத்தியலிங்கம் என்றால் குடவாசல் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. வாழ்நாளெல்லாம் நெல்லும் பீடியுமாக இருந்த மனுஷன். பீடி நுரையீரலைத் தின்றுவிட்டது, வீட்டிலேயே மூச்சு மிஷின் வைக்கச் சொன்னார்கள். மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். அதைத் தலையோடு பிடித்துக்கொள்ள மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் நர்ஸ் வானதி எனக்குத்தான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

"மேல்பட்டை தளர்ந்தா காத்து கண்ணுக்குப் போயிடும் சார். கண்ணு காஞ்சு புண்ணாயிடும். கண்ணோரம் விரலை வச்சுப் பாருங்க, காத்து படக்கூடாது. மறக்காம சொட்டு மருந்து விடுங்க."

நான் மறக்கவில்லை. சொன்னதை மறக்கிற ஆள் இல்லை நான்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் வயல். அப்பா அதை என் பெயருக்கு எழுதிவைத்து நாளாகிவிட்டது. குவைத் வெயிலில் வெந்துவிட்டு வந்தவனுக்கு, திரும்பச் சேற்றில் இறங்க என்ன தலையெழுத்து? மனை போடுகிறவர்களை வரச்சொன்னேன். மாசியில் அவர்கள் டேப்போடு வரப்பில் நின்றதை அப்பா படுத்தபடியே பார்த்துவிட்டார். மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினார்.

"வரப்புல நடக்கத் தெரியாத பய, என் நிலத்துல கல்லு நடுறியா? எழுதிக் கொடுத்ததை ரத்து பண்றேன் பாரு."

தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பனும் பிள்ளையும் முட்டிக்கொள்வது வீட்டுக்கு வீடு வாசப்படிதான், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அவர் உதடு நீலமாகிவிட்டது. ஓடிப்போய் மாஸ்க்கை மாட்டி உயிரைக் காப்பாற்றியது யார்? நான்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வயலில் கல் நிற்பதைப் பார்த்தால் இந்த மனுஷன் தாங்கமாட்டார். பெற்றவர் நெஞ்சு வெடித்துச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

கட்டிலை மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டுப் பார்த்தேன், சம்மதிக்கவில்லை. அவர் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.

மேல்பட்டையைத் தளர்த்தினேன். அதிகம் இல்லை, ஒரு விரல் நுழைகிற அளவு. கண்ணோரம் விரல் வைத்துப் பார்த்தேன். வானதி சொன்னது சரிதான், காற்று சில்லென்று பட்டது.

"கண்ணுல காத்து அடிக்குதுடா, குணா."

"மிஷின்னா அப்படித்தான்ப்பா. நீங்க பட்டையில கை வச்சா நின்னுடும்."

பயந்துபோய்க் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். என் பேச்சை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலில் கண் சிவந்தது. பிறகு மணலை அள்ளிப் போட்டமாதிரி உறுத்துகிறது என்றார். வெளிச்சம் கூசியது, ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அவரேதான் சொன்னார் சார். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி வானதி நச்சரித்தாள். காட்டியாச்சு என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டேன். அனுராதா போனில் கேட்டால், வயசானால் புரை விழத்தானே செய்யும் என்பேன். ஆனால் தினமும் வெந்நீரில் துணி நனைத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். கூலிக்கு வைத்த ஆள் செய்வானா இதை?

கருவிழியில் வெள்ளை படர்ந்தது. சித்திரை முடிவதற்குள், முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் அவருக்குத் தெரியவில்லை. வைகாசியில் வயலில் லாரி லாரியாக மண் வந்து இறங்கியது.

"என்னடா சத்தம்?"

"அறுப்பு மிஷின்ப்பா."

மாஸ்க்குக்குள் என்னவோ குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

"வைகாசியில என்னடா நிக்குது அறுக்கிறதுக்கு? உளுந்தும் எடுத்தாச்சு. ஒரு பொய்யைக்கூட விவசாயி மகனா சொல்லத் தெரியலையே உனக்கு."

அதற்குப் பிறகு என்னோடு அவர் பேசவில்லை. அனுராதா வந்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காற்று, பட்டை, லாரி என்று ஒன்று விடாமல். கண் தெரியாத மனுஷன் படுத்த இடத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

பட்டையைத் தளர்த்தியது நான்தான். மருந்து ஒரு சொட்டுக்கூட விடாததும் நான்தான். அவர் கண் அவிந்துபோக வேண்டும் என்றுதான் செய்தேன். கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், போடுகிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவர் மனசு நோகக்கூடாது என்று பார்த்தேன், அவ்வளவுதான். எனக்கு இருப்பது ஒரே ஒரு வருத்தம். கண்ணைப் பற்றி அவ்வளவு யோசித்தவன், காதைப் பற்றி யோசிக்காமல் விட்டுவிட்டேன்.