வாரிக் தட்டிப் பார்த்த வளையம்

இந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம்தான். பரவாயில்லை, குறைக்க வேண்டாம். கல்கூர்லி வெயிலில் கேஸ் டார்ச்சோடு நாள் முழுக்க நிற்கிறவனுக்கு இது சுகம்.

சுரங்க மோட்டார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு ரோட்டர் வேலை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் உருளை. செம்புப் பட்டைகளைச் சுற்றிலும் செருகி, அவற்றின் நுனிகளைச் செம்பு வளையத்தோடு வெள்ளி உருக்கிப் பற்றவைப்பேன். பற்றவைத்தவனே சோதிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். என் வேலையை வாரிக்தான் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் கணீரென்று கேட்கும். ஒட்டாதது மொத்தென்று கேட்கும். அதில் சாக்பீஸ் குறி விழும்.

கொஞ்ச காலமாகவே அவருக்குக் காது கேட்கவில்லை. சட்டைப்பையில் போன் அலறும், மனிதர் அசைய மாட்டார். வேலை போய்விடுமென்று மறைத்தார், அது அவர் பாடு. ஆனால் குத்துமதிப்பாக என் நல்ல இணைப்புகளில் குறி போட்டார். "என்னடா லீத், வெள்ளிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். இன்னொரு குறி விழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார் முதலாளியம்மா. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

ஆகவே ஒரு வளையம் முழுக்க வெள்ளியை மேலாக மட்டும் பூசினேன். பார்வைக்கு அழகு, உள்ளே ஒன்றும் இல்லை. வாரிக் தட்டினார். எல்லாமே மொத்தென்றுதான் கேட்டன. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என் முதுகில் தட்டினார்.

"பலே லீத். கடைசியில தொழிலக் கத்துக்கிட்ட."

முதலாளியம்மாவை அப்போதே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். என் வேலையும் தப்பியிருக்கும். ஆனால் வாரிக் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டு வெகுநாளாயிற்று. அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்து ரோட்டரை முழு வேகத்தில் சுழற்றிப் பார்ப்பார்கள். கம்பிக் கூண்டை மூடிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வாரிக் மூடுவதில்லை. காதால் முடியாததால் இயந்திரத்தின் மேல் கைவைத்து அதிர்வைப் பார்ப்பார். அது எனக்குத் தெரியும்.

"வாங்கப்பா, கடையில சூடா மீட் பை தின்னலாம், இன்னைக்கு என் செலவு" என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர்களெல்லாம் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

வளையம் பிய்த்துக்கொண்டு போன சத்தம் கடைவரை கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் கையிலிருந்ததைத் தின்று முடித்துவிட்டு வந்தேன். ஆறினால் வாயில் வைக்க முடியாது.

என்னைக் கொலைகாரன் என்கிறீர்கள். மற்றவர்கள் முன்னால் போனதும் நான் வாசலில் நின்றேன். அவர் முதுகைப் பார்த்து, "வாரிக், அந்த வளையம் ஒட்டல, சுத்தாதீங்க" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

நான் எச்சரித்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.