கேசட்டில் இருந்த விளக்கு

“விளக்கைத் தூக்கி யாராச்சும் கடையில குடுப்பாங்களாக்கா?” என்று பொரிந்துகொண்டே ஆவடியில் ஏறினாள் ஒரு பெண். லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே, ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்த தோழியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எந்த விளக்குடி?”

“வீடியோ கேம்ல வருதே, அந்த விளக்கு. எங்க ஊட்டுக்காரரு அந்தக் கேசட்டைக் குடுத்துட்டு கிரிக்கெட் கேசட் வாங்கினு வந்துட்டாரு.”

“ஒரு பொம்மை விளக்குக்கா இவ்ளோ கோவம்?”

“பொம்மையா? நாலு மஞ்சள் கட்டம், உச்சியில ஒரு சிவப்புக் கட்டம், அவ்ளோதான். ஆனா பார்த்ததுமே விளக்குன்னு தெரியும். அதை எடுத்தா ‘டிங்’னு ஒரு சத்தம் வரும், கேம்ல வர்ற இருட்டுக் குகை பூரா வெளிச்சமாயிடும். அதுக்காகவே நான் வெளையாடுவேன். என்னை ஒரு வார்த்தை கேக்க வேணாமா?”

“அப்புறம் இன்னா பண்ண?”

“நானே அவரு மாத்தின பூந்தமல்லி கடைக்குப் போயி, சண்ட போட்டு, கேசட்டைத் திருப்பி வாங்கினு வந்தேன். அவரு கண்ணு முன்னாலயே விளக்கை எடுத்துக் காட்டினேன்.”

“இன்னா சொன்னாரு?”

“‘ஜாய்ஸ்டிக்கைக் குடு, நான் ஒரு தபா எடுக்கறேன்’னு வாங்கினாரு.” அவள் குரல் இன்னும் ஏறியது. “மூணு நாளாச்சுக்கா. இன்னும் என் கையில குடுக்கல!”