சவர்க்காரம் பூசிய பெற்றோல் தாங்கி

மூதூர்ப் படகு நடுக்கடலில் தீப்பற்றப் போகிறது என்றுதான் நான் நம்பினேன். எதிரே மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றவர் தன் மனைவியிடம் சொன்னது அப்படி.

"பெற்றோல் தாங்கி ஓட்டையை விடியவே உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரம் குழைச்சு அடைச்சிட்டன். அது காயட்டும் எண்டுதான் ஸ்டார்ட் பண்ணாம படகுத்துறைக்கு உருட்டிக்கொண்டு வந்தனான்."

மருத்துவமனைத் தாதிச் சீருடையில் இருந்த மனைவி முறைத்தார். "சவர்க்காரம் தண்ணியில கரையுமே. இது கடலப்பா!"

"பெற்றோலில கரையாது."

அந்நேரம் ஓர் அலை தாங்கியை நனைத்தது. எனக்கு நீந்தத் தெரியாது. எரிவதா மூழ்குவதா என்று முடிவெடுக்க முடியாமல் உயிர்காப்பு அங்கியை இறுக்கிக் கட்டினேன்.

"எட்டு மணிக்கு நான் வார்டில நிக்கோணும். இண்டைக்கும் பிந்த ஏலாது."

"பயப்படாதீங்க. ஒரு சொட்டாவது ஒழுகுதா, பாருங்க" என்று மனைவிக்குத் தாங்கியைக் காட்டினார் கணவர்.

"மணமும் இல்லையே?" மனைவி குனிந்து மோந்து பார்த்தார்.

"அதுதான் என்ர கைவேலை!"

மூதூரில் இறங்கிக் கணவர் பத்துத் தரம் உதைத்தும் வண்டி இயங்கவில்லை. தாங்கியின் மூடியைத் திறந்தார்; உள்ளே ஒரு சொட்டும் இல்லை. அவர் ஓட்டையை அடைக்குமுன்பே பெற்றோல் முழுவதும் ஒழுகி முடிந்திருந்தது. மனைவி ஓட்டோ பிடித்து வேலைக்குப் போனார். கணவர் வண்டியை உருட்டிக்கொண்டு போனார்.