கழுவிக் கவிழ்த்த பிளேட்

பனி கொட்டிய பின்னேரம். மார்க்கம் வீதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தகப்பனும், எட்டு வயது மதிக்கத்தக்க மகளும் இருந்தார்கள். ஹெட்போனை வீட்டில் மறந்துவிட்டு வந்த எரிச்சலில் இருந்த நான், கிறிஸ்மஸ் தாத்தாவைப் பற்றி அவள் கேட்ட கேள்வியில் நிமிர்ந்தேன்.

“அப்பா, நத்தார் தாத்தா சாப்பிட்ட பிளேட்டைக் கழுவி வைக்கிறவரோ?”

“ஏனம்மா?”

“டீச்சர் அவற்ற கதை சொன்னவ. முந்தி அவர் ஒரு பிஷப்பாம். ஏழைப் பிள்ளையளின்ர சப்பாத்துக்குள்ள ஆருக்கும் தெரியாமல் பரிசு வைச்சிட்டுப் போவாராம்.”

“ஓம், அப்பிடித்தான் சொல்லுறவை.”

“ஏன் தெரியாமல்?”

“வாங்கிற ஆக்களுக்குக் கூச்சமா இருக்கக்கூடாதெல்லோ.”

பஸ் சிக்னலில் நின்றது. அவள் யோசித்தாள்.

“மற்றப் பிள்ளையளின்ர வீட்டில ராவில அவருக்கெண்டு வைக்கிற பிஸ்கட்டைத் திண்டிட்டு, பிளேட்டை அப்பிடியே விட்டிட்டுப் போறவராம். எங்கட வீட்டில மட்டும் வடையைச் சாப்பிட்டிட்டு, பிளேட்டைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுப் போறார்.”

தகப்பன் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“எங்கட வீட்டில சாப்பிட்ட உடன கழுவிக் கவிட்டு வைக்கிறது நீங்கள் மட்டும்தான்.”

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு அவருடைய கையைப் பிடித்தாள்.

“இந்த முறை கழுவாதேங்கோ அப்பா. தம்பியும் கண்டுபிடிச்சிடுவான்.”

“சரியம்மா.”

“அம்மாவுக்கும் சொல்லாதேங்கோ. பாவம், ஒவ்வொரு வருஷமும் நத்தார் தாத்தாவுக்கெண்டுதானே வடை சுடுறவ.”